பாப்பா இப்போது எம்.டி.... பழைய பி.ஏ. என்ன செய்யலாம்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 47. பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 18 வருடமாக முதலாளிக்கு பி.ஏ. போன மாதம் முதலாளி பொறுப்பை மகளிடம் கொடுத்துவிட்டார். மகளுக்கு வயது 29. எம்.பி.ஏ. முடித்து, வெளியூரில் வேறு கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இனி வாசகியின் வார்த்தைகளிலேயே:

"நான் வேலைக்குச் சேர்ந்தப்போ அவங்களுக்குப் பதினோரு வயசுங்க. ஸ்கூல் விட்டு வந்தா என் டேபிள்லதான் ஹோம்வொர்க் பண்ணும். பாப்பான்னுதான் கூப்பிடுவேன். இப்போ அதே பாப்பா எனக்கு எம்.டி. அய்யாவுக்கு என்ன வேணும்னு அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். இவங்ககிட்ட நான் எது செஞ்சாலும், 'இது எதுக்கு?'ன்னு கேக்கறாங்க. காலைல பிரின்ட் எடுத்து வெக்கிற பேப்பரைத் தொடறதே இல்லை. சாயங்காலமானா அய்யா வீட்டுல இருந்து போன் பண்ணி, 'இன்னைக்குப் பாப்பா என்ன பண்ணுச்சு?'ன்னு கேக்கறாரு. சொல்றதா வேண்டாமான்னு தெரியலீங்க. இவங்க பழைய கம்பெனியில இருந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வரப்போறதா வேற பேச்சு இருக்குது. வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாம வேலைக்குப் போறதில்லை. பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம். எனக்கு இந்த வேலை வேணுங்க. என்ன பண்ணட்டும்?"

சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'அய்யாவுக்கு என்ன வேணும்னு முகத்தைப் பார்த்தாலே தெரியும்' என்ற வரி. 18 வருடம் உழைத்துச் சேர்த்த சொத்து அது. ஆனால், அதில் இரண்டு பங்கு இருக்கிறது.

ஒரு பங்கு, ஆபீஸைப் பற்றியது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த பையர் எப்போது கோபப்படுவார், எந்த டையிங்காரர் சொன்ன தேதிக்குத் துணி கொடுப்பார், பேங்க்கில் யாரைக் கேட்டால் வேலை நடக்கும் என்பதெல்லாம். இன்னொரு பங்கு, அய்யா என்ற தனி மனிதரைப் பற்றியது. காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, எந்த நேரத்தில் அவரிடம் பேசக் கூடாது, எந்தப் பேப்பரை மேலே வைக்க வேண்டும் என்பதெல்லாம்.

முதல் பங்கு இன்றைக்கும் செல்லும். இரண்டாவது பங்கு அய்யாவோடு வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மகளிடம் நீட்டுகிறீர்கள். அதனால்தான் அவர் 'இது எதுக்கு?' என்று கேட்கிறார். மூட்டையைப் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இது உங்களுக்கு மட்டும் வரும் பிரச்னையும் இல்லை. பிரைவேட் கம்பெனி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேங்க் என்று எங்கே மேனேஜர் மாறினாலும் அவருடைய உதவியாளர் இதே இடத்தில்தான் நிற்கிறார். ஆகவே, மற்றவர்களும் கூடவே படிக்கலாம்.

முதலில், எப்படிக் கூப்பிடுவது?

தமிழில் மரியாதை பெயரில் மட்டும் இல்லை. வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே பாருங்கள். 'ஹோம்வொர்க் பண்ணும்' என்று ஆரம்பித்து, 'எதுக்குன்னு கேக்கறாங்க' என்று முடித்திருக்கிறீர்கள். மனசு அங்கேயும் இங்கேயுமாக இருக்கிறது. அதில் தப்பில்லை. ஆனால், ஆபீஸுக்குள் ஒரு பக்கம் நின்றுவிட வேண்டும்.

நீங்கள் வாட்ச்மேனிடம் 'பாப்பா வந்துச்சா?' என்று கேட்டால், கட்டிங் மாஸ்டரும் நாளைக்கு அப்படித்தான் கேட்பார். 'மேடம் வந்துட்டாங்களா?' என்று நீங்கள் கேட்டால், இரண்டு வாரத்தில் ஃபேக்டரி முழுவதும் அப்படியே பேசும். 29 வயதில், அப்பாவின் நாற்காலியில், தன்னைவிட மூத்தவர்கள் நூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி இதுதான். செலவே இல்லாத உதவி.

வீட்டு விசேஷத்தில் பார்க்கும்போது அவரே 'அக்கா' என்று கூப்பிட்டால், அங்கே நீங்கள் பழையபடி பாப்பா என்று சொல்லலாம். ஆபீஸ் கேட்டுக்குள் வந்தால் மேடம்தான்.

திருக்குறளில் 70-வது அதிகாரத்துக்கு 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று பெயர். அரசரை அண்டி வேலை செய்கிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பத்துக் குறளில் சொல்லியிருக்கிறார் வள்ளுவர். 'நம்மைவிடச் சின்னவர்தானே, நமக்கு வேண்டியவர்தானே' என்று நினைத்து அலட்சியமாக இருக்காதே, அவர் இருக்கும் நிலைக்கு ஏற்றபடி நடந்துகொள் என்பது அதில் ஒரு குறளின் கருத்து. 'ரொம்ப நாள் பழக்கம்' என்ற உரிமையில் தகாததைச் செய்தால் கேடுதான் வரும் என்பது கடைசிக் குறளின் கருத்து. சின்ன வயது முதலாளியும் பழைய பி.ஏ.வும் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள் போல!

படிப்பவரா, கேட்பவரா?

அடுத்து, அவர் தொடாத அந்தப் பிரின்ட் அவுட்.

நிர்வாகவியலில் பெரிய பெயர் பீட்டர் டிரக்கர். 1999-ல் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதர்களை இரண்டாகப் பிரித்தார். சிலருக்கு எழுத்தில் கொடுத்தால்தான் விஷயம் மனதில் ஏறும். சிலருக்கு வாயால் சொன்னால்தான் ஏறும். நாம் எந்த வகை என்பதே பலருக்குத் தெரியாது என்கிறார் அவர்.

அதற்கு அவர் சொல்லும் உதாரணம் அமெரிக்க ஜனாதிபதிகள். கென்னடி படிக்கிற ஆள். அதனால் நன்றாக எழுதத் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து உதவியாளர்களாக வைத்துக்கொண்டார். எழுதிக் கொடுத்த பிறகுதான் நேரில் பேச்சு. 1963 நவம்பரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துணை ஜனாதிபதியாக இருந்த ஜான்சன் அந்த இடத்துக்கு வந்தார். அவர் கேட்கிற ஆள். ஆனால், கென்னடியின் உதவியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டார். அவர்களும் பழக்கப்படி எழுதி எழுதியே கொடுத்தார்கள். ஜான்சனுக்கு அதில் ஒரு வார்த்தைகூட மனதில் ஏறவில்லை என்கிறார் டிரக்கர்.

கவனியுங்கள். அந்த உதவியாளர்கள் திறமையில்லாதவர்கள் இல்லை, மகா திறமைசாலிகள். செய்தது எல்லாம் போன முதலாளிக்குப் பிடித்த வேலை. அவ்வளவுதான்.

உங்கள் மேடம் எந்த வகை? ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். திங்கட்கிழமை ஒரு விஷயத்தை நேரில் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை அதே மாதிரி ஒரு விஷயத்தை வாட்ஸ்அப்பில் நாலு வரியில் அனுப்புங்கள். புதன்கிழமை மெயிலில் போடுங்கள். எதற்கு உடனே பதில் வருகிறது, எதை மறந்துவிட்டுத் திரும்பக் கேட்கிறார் என்று குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஓரளவு தெரிந்துவிடும். அவர் பிரின்ட்டைத் தொடாதது உங்கள் மேல் உள்ள கோபத்தால் இருக்காது. அதே கணக்கை அவர் ஏற்கெனவே மொபைலில் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

இருபது நிமிடம் கேளுங்கள்

சோதித்துப் பார்ப்பது ஒரு பக்கம். நேராகக் கேட்டுவிடுவது இன்னும் சுலபம். 'மேடம், உங்களுக்கு எப்படிச் செஞ்சா வசதியா இருக்கும்னு தெரிஞ்சுக்கணும். ஒரு இருபது நிமிஷம் வேணும். இந்த வாரத்துல எப்போ உட்காரலாம்?' இப்படிக் கேட்டால் எந்த மேனேஜரும் முகம் சுளிக்க மாட்டார். பெரும்பாலும் சந்தோஷப்படுவார். அவருக்கும் இதை எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கம் இருக்கும். சின்ன வயதில் உங்கள் டேபிளில் ஹோம்வொர்க் எழுதியவர், உங்களுக்கு ஆர்டர் போடக் கூச்சப்படமாட்டாரா?

உட்காரும்போது கையில் நோட்டு இருக்கட்டும். கேட்க வேண்டியவை:

1. காலையில் வந்ததும் உங்களுக்கு முதலில் என்ன தெரிய வேண்டும்? நேரில் சொல்லவா, மெசேஜ் போடவா?

2. உங்கள் காலண்டரில் நானே அப்பாயின்ட்மென்ட் போடலாமா, கேட்டுவிட்டுத்தான் போட வேண்டுமா?

3. யார் போன் செய்தாலும் உடனே கொடுக்க வேண்டியவர்கள் யார் யார்?

4. மீட்டிங்கில் இருக்கும்போது எந்த மாதிரி விஷயத்துக்குக் கதவைத் தட்டலாம்?

5. எத்தனை ரூபாய் வரை நானே முடிவெடுத்து வாங்கலாம்?

6. ஆபீஸ் நேரம் முடிந்த பிறகு என்னை எதற்குக் கூப்பிடுவீர்கள்? மெசேஜ் என்றால் காலையில் பார்த்தால் போதுமா?

7. இதுவரை நான் செய்கிற வேலையில் உங்களுக்குத் தேவையில்லாதது எது?

ஏழாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும். பதில் கேட்கும்போது வருத்தமாகவும் இருக்கலாம். 'அந்த டெய்லி ரிப்போர்ட் வேண்டாங்க்கா' என்று சொன்னால், அதை 12 வருடமாக டைப் செய்தவருக்குச் சுருக்கென்று இருக்கும். அந்த இடத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அந்த ரிப்போர்ட்டை எதிர்பார்த்து வேறு யாராவது இருந்தால், 'அக்கவுன்ட்ஸ்லயும் அதைத்தான் பார்க்கறாங்க. அவங்களுக்கு மட்டும் அனுப்பட்டுமா?' என்று அந்தத் தகவலை மட்டும் சொல்லுங்கள்.

தலைக்குள் இருப்பதைத் தாளில் இறக்குங்கள்

இனி உங்கள் பலத்துக்கு வருவோம். மேடத்துக்கு எம்.பி.ஏ. இருக்கிறது. ஆனால், இந்த ஆபீஸின் ஞாபகம் உங்களிடம்தான் இருக்கிறது. அதைத் தலைக்குள் பூட்டி வைத்தால்தான் வேலை நிலைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வாயைத் திறக்காதவரிடம் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒன்றும் இல்லை என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு குறிப்பு தயார் செய்யுங்கள். அதில் என்னென்ன இருக்கலாம்?

தேதிகள்: மாதத்தில் தப்பவே கூடாத தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள். பிடித்த டி.டி.எஸ்.ஸைக் கட்ட 7-ம் தேதி (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30). மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனம் என்றால் ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கு 11-ம் தேதி, 3பி-க்கு 20-ம் தேதி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் 15-ம் தேதி. இதையெல்லாம் ஆடிட்டரும் அக்கவுன்ட்ஸும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால், கையெழுத்துக்கும் ஓ.டி.பி.க்கும் மேடத்தைத்தானே தேடுவார்கள்? அந்த நாளில் அவர் விமானத்தில் இருந்தால் சிக்கல். காலண்டர் உங்கள் கையில் இருந்தால் அதைத் தவிர்க்கலாம்.

பையர்களின் நேரம்: ஜெர்மனி பையரோடு கால் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள். மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அடுத்த வாரம்தான் கால் தவறிப்போகும். 18 வருடமாக உங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. புதிதாக வருகிறவருக்கு ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

மனிதர்கள்: இதுதான் விலைமதிப்பில்லாத பக்கம். 2011-ல் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சாயம் போட இடம் கிடைக்காமல் ஊரே தவித்தது. அந்தச் சமயத்தில் உங்கள் கம்பெனிக்குக் கைகொடுத்தவர் யார், கைவிட்டவர் யார் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருக்காது. மேடம் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். உங்களுக்குத் தெரியும். எழுதும்போது ஒன்று மட்டும் கவனம். 'இவர் நல்லவர், அவர் மோசம்' என்று எழுதாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். நல்லவரா, கெட்டவரா என்பதை மேடம் முடிவு செய்துகொள்ளட்டும்.

சாவி, பாஸ்வேர்டு, ஓ.டி.பி.

நம் ஊர் ஆபீஸ்களில் முதலாளியின் பாதி வாழ்க்கை பி.ஏ.வின் டிராயரில் இருக்கும். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, டிஜிட்டல் கையெழுத்து போடும் அந்த பென்டிரைவ் மாதிரியான டோக்கன், சில இடங்களில் ஓ.டி.பி. வரும் மொபைல் வரைக்கும். நம்பிக்கையில் கொடுத்திருப்பார்கள். முதலாளி மாறும்போது இதையெல்லாம் ஒரு தடவை வெளியே எடுத்துப் பட்டியல் போட்டுவிடுவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

டிஜிட்டல் கையெழுத்து என்பது பேனாக் கையெழுத்து மாதிரிதான். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, அதற்கான ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் கவனமாக வைத்துக்கொள்வது யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவருடைய பொறுப்பு. எனவே மேடத்திடம், 'அய்யாவோட டோக்கன் என்கிட்ட இருக்குது. இதை யார்கிட்டக் கொடுக்கட்டும்? உங்களோடது வந்தா எங்கே வெக்கறது?' என்று கேளுங்கள். ஒப்படைத்ததை ஒரு மெயிலில் எழுதிவிடுங்கள். நாளைக்கு ஏதாவது குழப்பம் வந்தாலும் உங்கள் பெயர் அதில் அடிபடாது. தானாக முன்வந்து சாவியைக் கொடுக்கிறவர் மேல் யாருக்கும் நம்பிக்கை கூடும்.

'அய்யா இப்படித்தான் செய்வார்'

இந்த ஒரு வாக்கியத்தை ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். மாமியார் வீட்டில் 'எங்கம்மா இப்படித்தான் குழம்பு வைப்பாங்க' என்று சொன்னால் எப்படிக் கேட்கும்? அதே மாதிரிதான் அவர் காதிலும் விழும். அதுவும் மகளுக்கு அப்பாவோடு ஒப்பீடு என்பது ஊரே தினமும் செய்கிற வேலை. நீங்களும் சேர வேண்டாம்.

ஆனால், அய்யா செய்ததில் காரணம் இருக்குமே? அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், அய்யாவின் பெயரை விட்டுவிடுங்கள். 'அய்யா சனிக்கிழமை சம்பளம் கொடுத்துடுவாருங்க' என்பதற்குப் பதிலாக, 'ஞாயித்துக்கிழமைதான் இவங்க எல்லாம் மளிகை, கறி வாங்கறாங்க மேடம். திங்கட்கிழமை கொடுத்தா அந்த வாரம் கடன் வாங்குவாங்க' என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் ஒரு பழக்கம்தான் இருக்கிறது. இரண்டாவதில் அவர் முடிவெடுக்கத் தேவையான தகவல் இருக்கிறது. காரணத்தைக் கேட்ட பிறகும் அவர் மாற்றினால் மாற்றட்டும். அது அவருடைய பொறுப்பு.

சாயங்கால போன்

உங்கள் கடிதத்தில் மிகக் கஷ்டமான இடம் இதுதான். அய்யா 18 வருடம் சோறு போட்டவர். மேடம் இன்றைய முதலாளி. இருவரும் அப்பா, மகள். நடுவில் நீங்கள்.

அய்யாவைத் தப்பாக நினைக்க வேண்டாம். காலையிலிருந்து இரவு வரை மெஷின் சத்தத்தில் இருந்த மனிதர். இப்போது வீட்டில் சாயங்காலம் ஓடாது. அவருக்கு வேண்டியது உளவு இல்லை, செய்தி. இன்றைக்கு எத்தனை பீஸ் ஓடியது, கன்டெய்னர் கிளம்பியதா என்று தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால், அதை மகளைக் கேட்கத் தயங்கி உங்களைக் கேட்கிறார்.

இதை நீங்கள் ரகசியமாகச் சொல்ல ஆரம்பித்தால், என்றைக்காவது அப்பா வாய் தவறி, 'அந்த பையர்கிட்டச் சத்தம் போட்டியாமே?' என்று மகளிடம் கேட்பார். அன்றோடு மேடத்துக்கு உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும். பிறகு எதைச் சொல்லியும் அதை மீட்க முடியாது.

அதற்காக அய்யாவின் போனை எடுக்காமல் இருக்கவும் முடியாது. ஒரு வழி இருக்கிறது. மேடத்திடமே போய், 'அய்யா தினமும் சாயங்காலம் போன் பண்ணி ஆபீஸ் விஷயம் கேக்கறாருங்க. புரொடக்‌ஷனும் ஷிப்மென்ட் கணக்கும் அவருக்குத் தினமும் அனுப்பட்டுமா? நீங்க பார்த்துட்டுச் சொன்னா அனுப்பறேன்' என்று கேளுங்கள். புகார் மாதிரி வேண்டாம். ஒரு வேலையைக் கேட்கிற மாதிரி கேளுங்கள். அவர் சரி என்றால் ஆறு மணிக்கு நாலு வரி கணக்கு அய்யாவுக்குப் போய்விடும். ஏழு மணிக்கு வரும் போன் மெதுவாகக் குறைந்துவிடும்.

அதற்கு மேலும் அய்யா கேட்டால்? 'அதெல்லாம் மேடம் உங்ககிட்டச் சொன்னாத்தான் சரியா இருக்குமுங்க அய்யா. நான் சொன்னா பாதிதான் சொல்ல வரும்.' சொல்லிவிட்டு அவருடைய சர்க்கரை எப்படி இருக்கிறது, வாக்கிங் போகிறாரா என்று விசாரியுங்கள். அன்பு குறையவே வேண்டாம். தகவல் மட்டும் நேர் வழியில் போகட்டும்.

மேடம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவதும் அப்படியே. ஒட்டுக் கேட்காதே, துருவித் துருவிக் கேட்காதே, அவராகச் சொல்லும்போது கேட்டுக்கொள் என்று அதே அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார்.

தப்பு நடக்கும்போது

புதியவர் தப்புச் செய்வார். உங்களுக்கு அது முன்கூட்டியே தெரியும். உதாரணத்துக்கு, மூன்று நாள் லேட் ஆனதற்காகப் பழைய டையிங்காரருக்குக் கடுமையாக ஒரு மெயில் எழுதி, அனுப்பச் சொல்கிறார். நீங்கள் வாயை மூடிக்கொண்டு அனுப்பினால் அது விசுவாசம் இல்லை. எல்லோர் முன்னாலும் 'இது வேண்டாம் மேடம்' என்றால் அது மரியாதை இல்லை.

தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே தடவை சொல்லுங்கள். 'மேடம், அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். 2011-ல எல்லாரும் கைவிட்டப்போ வெளியூர்ல சாயம் போட ஏற்பாடு பண்ணிக் கொடுத்தவர் இவர். போன்ல கேட்டா இன்னும் சீக்கிரம் வேலை நடக்கும்னு தோணுது. நீங்க சொன்னா மெயிலையே அனுப்பிடறேன்.' இதில் தகவல் இருக்கிறது, உங்கள் யோசனை இருக்கிறது, முடிவு அவர் கையில் இருக்கிறது. அவர் 'அனுப்புங்க' என்றால் அனுப்பிவிடுங்கள். பிறகு ஏதாவது ஆனாலும் 'நான் அப்பவே சொன்னேனே' என்று மட்டும் வாய் திறக்காதீர்கள். அவருக்கே ஞாபகம் இருக்கும். அடுத்த தடவை அனுப்புவதற்கு முன்னால் உங்களைக் கேட்பார்.

லன்ச் டேபிளில் மேடத்தைப் பற்றி யாராவது ஆரம்பித்தால், டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்துவிடுங்கள். நீங்கள் ஒன்றுமே பேசாவிட்டாலும், 'பி.ஏ. அக்காவே கேட்டுட்டு இருந்தாங்க' என்று ஊர் பேசும்.

அந்தப் புதுப் பெண் வந்துவிட்டால்?

உங்கள் பயத்தின் வேர் இதுதான் என்று புரிகிறது. இவ்வளவு செய்த பிறகும் மேடம் தன் பழைய உதவியாளரைக் கூட்டிவரலாம். வராது என்று நான் உறுதி கொடுக்க முடியாது.

ஆனால், வதந்தியை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாதம் கழித்து, வேலை ஓரளவு பிடிபட்ட பிறகு நேராகக் கேளுங்கள். 'மேடம், இனிமே என்கிட்ட என்ன எதிர்பார்க்கறீங்க? நான் எதைக் கத்துக்கணும்?' அந்தப் பெண் வந்தாலும் அவருக்குக் கம்ப்யூட்டரும் மேடத்தின் பழக்கமும் தெரிந்திருக்கும். திருப்பூரும் இந்த ஃபேக்டரியும் தெரியாது. இரண்டு பேருக்கும் வேலை இருக்கும் ஆபீஸ்கள் நிறைய உண்டு. அவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளவும் இருக்கும். எக்செல், ஷேர் பண்ணும் காலண்டர், வீடியோ மீட்டிங் ஏற்பாடு இவற்றில் எதில் தயக்கமோ அதை இப்போதே பையனிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். காலேஜ் இரண்டாவது வருடம் படிக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அம்மாவுக்கு ஒதுக்க மாட்டானா?

உங்கள் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எம்.டி. மாறினாலும் உங்கள் 18 வருட சர்வீஸ் அப்படியே தொடர்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவர் விலகினால் பணிக்கொடை உண்டு. ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. பணிக்கொடைக்குக் கணக்கில் வரும் கடைசிச் சம்பளம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடத்துக்கு 15,000. 18 வருடத்துக்கு 2,70,000 ரூபாய். பி.எஃப். தனி. பாஸ்புக்கை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள். வேலையை விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர், பயமில்லாமல் வேலை செய்வார். பயத்தோடு கும்பிடு போடுகிறவரை எந்த மேனேஜருக்கும் பிடிக்காது. நிதானமாக, தெளிவாகப் பேசுகிறவரைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றும்.

நெருப்பில் குளிர்காய்கிறவர் மாதிரி ரொம்ப விலகவும் வேண்டாம், ரொம்ப நெருங்கவும் வேண்டாம் என்றுதான் வள்ளுவர் அந்த அதிகாரத்தையே ஆரம்பிக்கிறார். அய்யாவிடம் அந்தத் தூரம் உங்களுக்கு எப்படிப் பிடிபட்டது? ஒரே நாளில் இல்லையே! முதல் வருடம் அவரிடமும் திட்டு வாங்கியிருப்பீர்கள். காபியில் சர்க்கரை கூடியிருக்கும், தப்பான ஃபைலை நீட்டியிருப்பீர்கள். பார்த்துப் பார்த்துத்தான் அவர் முகம் படிக்க வந்தது. மேடத்தின் முகத்துக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள்.

இந்த வாரம் மூன்றே மூன்று வேலை செய்தால் போதும். திங்கட்கிழமை காலையில் அந்த இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். சாயங்காலக் கணக்கை அய்யாவுக்கு அனுப்ப மேடத்திடம் சம்மதம் கேளுங்கள். டிராயரில் இருக்கும் டோக்கனையும் பாஸ்வேர்டுகளையும் பட்டியல் போடுங்கள். மற்றதெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.